தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு



ராத்திரி பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, விடிந்து ஆறு மணிக்குக் கண் சிவக்க வந்து நிற்கிற பிள்ளையை எந்த வீட்டில் கேள்வி கேட்காமல் விடுவார்கள்? "எங்கடா போயிட்டு வர்றே?" என்ற கேள்விக்கு, "திரௌபதியம்மன் கோயில்ல கூத்துப்பா" என்று பதில் வந்தால், "சரி, போய்ப் படு" என்று அப்பா சொல்லிவிடுவார். "டிஜே பார்ட்டிப்பா" என்று வந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் இந்த இரண்டாவது பதில் இப்போது காதில் விழ ஆரம்பித்திருக்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள், சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள், சனிக்கிழமை வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகிறார்கள். பெற்றோருக்குப் பயம். பிள்ளைகளுக்கு, தங்களை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற கோபம். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இந்த மாதம் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். பேச்சைத் தொடங்குவதற்குத் தோதான ஊர், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கூரம்.

கூரம் என்றதும் பலருக்கு வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் நினைவுக்கு வருவார். சரித்திரம் படித்தவர்களுக்குக் கூரம் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சியை ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த செப்பேடு அது. ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890-ல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் அதைப் பதிப்பித்தார். செப்பேட்டின் வடமொழிப் பகுதி ராஜாவின் வீரத்தைப் பாடுகிறது. லட்சக்கணக்கில் படை கொண்டுவந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன், உடம்பில் ஒரு கந்தலோடு ஓடினான் என்று அதில் இருக்கிறது. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் வீரம் முடிந்து கணக்கு ஆரம்பமாகிறது. கூரத்தில் கட்டிய சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தை யார் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். கோயில் பூஜைக்கும் பராமரிப்புக்கும் பங்கு. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. அதே மண்டபத்துக்குத் தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு.

கடைசிப் பங்கை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஊரைக் கூட்டி உட்கார வைத்துக் கதை சொல்ல ஏற்பாடு செய்தவர்கள், சொல்கிறவருக்கு மட்டும் படியளந்துவிட்டு விடவில்லை. கூடுகிற ஜனத்துக்குத் தாகம் எடுக்கும், இருட்டும், குளிரும் என்று யோசித்து, அந்த வேலைக்கும் சரிசமமாக ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். விழாக் கமிட்டி என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது.

கூரம் கொடுத்த இன்னொரு சாட்சியை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த ஊரில் கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி அது. நமக்குப் பழக்கமான சோழர் நடராசர் காலைக் குறுக்கே வீசி ஆடுவார். கூரத்து நடராசர் முழங்காலை மடித்து மேலே தூக்கி நிற்கிறார், அடுத்த அடி எங்கே விழும் என்று பார்க்கிறவன் காத்திருக்கும்படி. பாரதம் கேட்க மண்டபமும், ஆடுகிற சாமியும் இருந்த ஊரில், ராத்திரி கண் விழித்து ஆடுவது வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மண்டபத்தில் வாசித்த பாரதம் இந்த வட்டாரத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சித்திரை முதல் ஆடி வரை, உத்திரமேரூர், செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கும். மத்தியானம் பிரசங்கியார் பாரதம் சொல்வார். ராத்திரி அதையே கூத்து ஜமா ஆடிக் காட்டும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துயில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கதை. பதினெட்டாம் போருக்கு மறுநாள் காலையில் களிமண்ணில் பிரம்மாண்டமாகச் செய்து கிடத்திய துரியோதனன் படுகளம். சாயங்காலம் தீமிதி.

கூத்தில் எனக்குப் பிடித்த நேரம், வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கிற நேரம். இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், துணிக்குக் கீழே சலங்கை கட்டின கால். உள்ளே இருந்து பாட்டு வரும். மத்தளக்காரர் பொறுமையாக அடித்துக்கொண்டே இருப்பார், முகவீணைக்காரர் மூச்சு விடுவதே தெரியாமல் ஊதிக்கொண்டே இருப்பார். துணி விலகுமா விலகுமா என்று பாயில் படுத்திருந்த கிழவிகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். திரை எடுத்த நொடியில் துரியோதனன் மரக்கட்டையில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டை பளபளக்கச் சுழன்றுகொண்டு வெளியே வருவான். அப்போது மணி ஒன்றோ இரண்டோ ஆகியிருக்கும். தூக்கம் போன இடம் தெரியாது.

இனி அந்த டிஜே ராத்திரிக்கு வருகிறேன். லண்டனில் வேலை பார்க்கிற அக்கா மகன், நான் அங்கே போயிருந்தபோது, "மாமா, நீங்க கூத்தைப் பத்தி அவ்வளவு எழுதுறீங்களே, நான் போற கூத்தையும் ஒரு தடவை வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனான். ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்கு எதிரே, பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் 1999-ல் திறந்த 'ஃபேப்ரிக்' என்ற இடம். உள்ளே மூன்று பெரிய அறைகள். ஒவ்வொன்றிலும் வேறு டிஜே, வேறு இசை, வேறு வேகம். முதல் அறையின் ஆடுதளத்துக்கு அடியில் 400 அதிர்வுக் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். அடித்தாளம் காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலில் ஏறி முழங்கால் வழியாக வயிற்றுக்கு வந்துவிடுகிறது. வாசலிலேயே அவன் எனக்கு இரண்டு நுரைப்பஞ்சு அடைப்பான்களைக் கொடுத்துக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அதற்காக அவனுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

முதல் அரைமணி நேரம் எனக்கு எரிச்சல்தான். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்களே, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். பிறகுதான் பிடிபட்டது. நிமிஷத்துக்கு 120, 130 அடி என்ற கணக்கில் தாளம் போய்க்கொண்டே இருக்கிறது. டிஜே ஓடுகிற இசைத்தட்டின் வேகத்தோடு அடுத்ததன் வேகத்தை ஒட்டவைத்து, எங்கே ஒன்று முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று தெரியாமல் மாற்றுகிறார். திடீரென்று அடித்தாளத்தை மட்டும் எடுத்துவிடுகிறார். கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இருபது முப்பது விநாடிக்கு ஒரு சுருதி மட்டும் மேலே மேலே ஏறுகிறது. தாளம் திரும்பி வந்து விழுந்ததும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் குதிக்கிறார்கள். இதைச் செய்ய ஒரு துணியும் அதைப் பிடிக்க இரண்டு ஆளும் போதும் என்று நம் ஜமாக்காரர்களுக்கு என்றைக்கோ தெரியும்.

பல அறைகள் என்ற ஏற்பாடும் எனக்குப் புதிதாகப் படவில்லை. பெரிய திருவிழா ராத்திரியை நினைத்துப் பாருங்கள். கோயில் எதிரே கூத்து. தேரடியில் பாட்டுக் கச்சேரி. சாமி ஊர்வலத்தின் முன்னால் பம்பையும் பறையும். குளக்கரையில் ராட்டினம். இளவட்டம் இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருக்கும். கால் வலித்தால் மண்டபத்துத் திண்ணையில் சாய்ந்துகொள்ளலாம். 1980-களின் கடைசியில் லண்டன் ஆட்டக்கூடங்களில், ஆடிக் களைத்தவர்கள் உட்கார்ந்து மெல்லிய இசை கேட்கத் தனி அறை ஒதுக்கும் வழக்கம் வந்தது. திண்ணை செய்யும் வேலையைத்தான் அந்த அறை செய்கிறது.

இந்த இசை பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரப் பணக்காரர்களின் கேளிக்கை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1977-ல் சிக்காகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற கூடம் திறந்தது. அங்கே இசைத்தட்டு சுழற்றியவர் ஃபிராங்கி நக்கில்ஸ். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இன இளைஞர்கள். அவர்களிலும் நிறையப் பேர் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்கள். வேறு இடங்களில் உள்ளே விடாதவர்கள் தங்களுக்கென்று ஒரு ராத்திரியை உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்கள் கையில் கிடைத்தவை ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த டிஆர்-808 தாளப் பெட்டியும், 1981-ல் வந்த டிபி-303 என்ற சின்ன அடிச்சுருதிப் பெட்டியும். இரண்டும் கடையில் சரியாகப் போகாமல் உற்பத்தி நின்றுபோனவை. பழைய சாமான் விலைக்கு அவற்றை வாங்கிய பிள்ளைகள்தான் புது இசையை உருவாக்கினார்கள்.

அதற்கு முன்னாலேயே நம் நாட்டில் ஒருவர் அதைச் செய்துபார்த்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாய் இந்திப்பட இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் இதே 808, 303 பெட்டிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் ஐரோப்பாவில் மறுபடி வெளியானபோது, சிக்காகோவின் 'ஆசிட் ஹவுஸ்' இசைக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே பம்பாயில் இப்படி ஒன்றா என்று ஆச்சரியப்பட்டார்கள். முதிய வயதில் அவரை ஐரோப்பிய மேடைகளுக்கு அழைத்தார்கள். 2015-ல் காலமானார். குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, போருக்குத் தப்பி லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005-ல் வெளியிட்ட முதல் தொகுப்பும் ரோலண்டின் ஒரு சின்னப் பெட்டியில் தாளம் போட்டுத் தொடங்கியதுதான். தொகுப்புக்கு 'அருளர்' என்று அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெற்றோரின் பயம் வீண் என்று சொல்ல நான் தயாராக இல்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த ராத்திரிகளோடு சேர்ந்தே போதை மாத்திரையும் வந்தது. எக்ஸ்டஸி என்கிற மாத்திரை உடம்புச் சூட்டை ஏற்றும். களைப்பு தெரியாமல் மணிக்கணக்கில் ஆடவைக்கும். காற்றில்லாத அறையில், நெரிசலில், உடம்பு கொதித்து உயிர் போனவர்கள் உண்டு. நம் நாட்டில் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி இதை வைத்திருப்பதே குற்றம். ஒரு ராத்திரி ஆசைக்குப் பத்து வருஷ வாழ்க்கையைக் கோர்ட் வாசலில் தொலைத்துவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கையைப் பிடித்துச் சொல்கிறேன்.

நான் போன அந்த லண்டன் கூடத்துக்கும் இந்தச் சோதனை வந்தது. 2016-ல் பதினெட்டு வயதுப் பையன்கள் இரண்டு பேர் போதைப்பொருளால் இறந்துபோக, செப்டம்பரில் உள்ளூராட்சி அதன் உரிமத்தை ரத்து செய்தது. மூட வேண்டும் என்றார்கள் சிலர். மூடினால் பிள்ளைகள் கண்காணிப்பே இல்லாத கிடங்குகளுக்குப் போவார்கள் என்றார்கள் சிலர். கடைசியில் கடுமையான நிபந்தனைகளோடு 2017 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். வாசலில் அடையாள அட்டைப் பரிசோதனை, வயது வரம்பு, போதைப்பொருளோடு பிடிபட்டவருக்கு ஆயுள் தடை. குடிநீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டில் மது பரிமாறும் இடங்களுக்கெல்லாம் சட்டம். செப்பேட்டில் தண்ணீருக்கு ஒரு பங்கு எழுதிய கூரத்துக்காரர்கள் இதைக் கேட்டால், இதற்கு இவ்வளவு காலமா என்று கேட்பார்கள்.

அதே பிரிட்டன், 1992-ல் காசில்மார்ட்டன் புல்வெளியில் இருபதாயிரம் பேருக்குமேல் கூடி ஒரு வாரம் ஆடியதைப் பார்த்து மிரண்டுபோய், 1994-ல் வேறு வழியையும் முயன்றது. திறந்தவெளியில் ராத்திரி கூடி, திரும்பத் திரும்ப வரும் தாளத்துக்கு ஆடுவதைத் தடுக்கச் சட்டத்தில் அந்தத் தாளத்தையே எழுதி வைத்தார்கள். ஆட்டம் நின்றுவிடவில்லை. நாலு சுவருக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். ஜெர்மனியோ 2024-ல் பெர்லின் நகரத்து டெக்னோ இசையைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நம் ஊரில் என்ன நிலைமை? 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் பதினைந்து நாள் வரை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நீட்டிக்கொள்ள மாநில அரசு அனுமதிக்கலாம். விடிய விடிய நடக்கும் கூத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு விழாக் கமிட்டிகள் உயர் நீதிமன்றம் வரை போவதும், ஆபாசம் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி வாங்கி வருவதும் வாடிக்கையாகிவிட்டது. ஆனால் சத்தத்தைப் பற்றிய விதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கூரத்தாழ்வான் வீட்டில் அன்னதானம் முடிந்து ராத்திரி கதவடைக்கும் மணிச்சத்தம் காஞ்சிப் பெருந்தேவித் தாயார் காதுவரை கேட்டது என்றும், அதை அறிந்த ஆழ்வான் கூசிப்போய்ச் செல்வத்தையெல்லாம் விட்டு ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டார் என்றும் வைணவப் பெரியவர்கள் சொல்வார்கள். தர்மம் செய்த வீட்டுச் சத்தத்துக்கே அந்த மனிதர் கூசினார். பிரசவமான பெண்ணும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கிற தெருவில் பத்துப் பெட்டி ஸ்பீக்கரை அடுக்குகிற நாம் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும்.

நம் ராத்திரிகள் எல்லாம் சுத்தம், அவர்களுடையது எல்லாம் அசுத்தம் என்று பேசவும் எனக்கு வாய் வரவில்லை. கூத்து நடக்கும் இடத்தில் ஒதுக்குப்புறமாகப் பாட்டில் உருள்வதை நாம் பார்க்காதவர்களா? சாமி எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்பதில் அடிதடி ஆன ஊர்கள் எத்தனை? பெண்ணின் துயரத்தைப் பாடும் பாரதக் கூத்தில் நெடுங்காலம் திரௌபதி வேஷம்கூட ஆண்தான் கட்டினார். காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில், பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பெண் பிள்ளைகளுக்கும் கூத்து கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் கிரீடம் கட்டி மேடையேறினார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது நம் எல்லோருக்கும் நஷ்டம்.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். விடிய விடிய ஆடுவது வயசுக்கும் மனசுக்கும் உரிய ஆசை. அதை எந்தச் சட்டமும் எந்த அப்பாவும் நிறுத்தியதில்லை. ஒரு ராத்திரி நல்ல ராத்திரியா கெட்ட ராத்திரியா என்பதை இசையோ உடையோ தீர்மானிப்பதில்லை. கூட்டத்தில் ஒருவன் மயங்கி விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறதா, ஒரு பெண் தனியாக நின்றால் அவளுக்குப் பயமில்லாமல் இருக்கிறதா, தாகத்துக்குத் தண்ணீரும் போகிற வழிக்கு வெளிச்சமும் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "போகாதே" என்பதோடு நிறுத்தாமல், "யாரோடு போறே, எப்படித் திரும்புவே, நடுராத்திரி ஏதாவது ஒன்னுன்னா எனக்குப் போன் பண்ணு, திட்ட மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொல்லிவிட்டு, போன் வந்தால் உண்மையிலேயே திட்டாமல் இருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முன்பின் தெரியாதவர் கொடுக்கிற எதையும் வாயில் போடாதீர்கள். கூட வந்தவரை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பாதீர்கள். காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், போன செவி திரும்பி வராது. இந்தச் சித்திரை, வைகாசியில் ஒரு ராத்திரியாவது உங்கள் ஊர்க் கூத்துக்குப் போய்ப் படுகளம்வரை உட்காருங்கள். நீங்கள் கேட்கிற டிஜேவின் வித்தையெல்லாம் அந்த மத்தளக்காரர் கையிலும் இருக்கிறது.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நோட்டீஸில் நன்கொடையாளர் பெயரைப் பெரிதாகப் போடுவதற்கு முன்னால் குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை, முதலுதவி, வழியெல்லாம் விளக்கு என்று நான்கு வரிக்குக் காசு ஒதுக்குங்கள். கூத்து ஜமாவுக்குப் பேசிய சம்பளத்தை அவர்கள் அரிதாரம் கலைக்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு வா, நாளான்னைக்கு வா என்று அலையவிடாதீர்கள்.

உங்கள் ஊரில் இந்த வருஷம் எந்தத் தேதியில் எந்தக் கூத்து என்று எங்களுக்கு எழுதுங்கள். ஊர் பெயர், கோயில், ஜமாவின் பெயர், பேருந்து வழி இருந்தால் போதும். அடுத்த இதழில் அவற்றைப் பட்டியலாகப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்